காம்பொனென்ட் ஸ்பீக்கர் பழுதுகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

காரின் முன்கதவில் தாழ்ந்த ஒலிகளைத் தரும் ஆறரை அங்குல வூஃபர், டாஷ்போர்டின் மூலையிலோ முன்கண்ணாடியோரத் தூணிலோ உயர்ந்த ஒலிகளைத் தரும் ட்வீட்டர், இரண்டுக்கும் ஒலியைப் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவர் பெட்டி ஆகிய மூன்றும் சேர்ந்த தொகுப்பே காம்பொனென்ட் ஸ்பீக்கர். எல்லாம் ஒரே சட்டத்துக்குள் அடங்கிய கோஆக்சியல் ஸ்பீக்கரைவிட இதில் இணைப்புகள் அதிகம் என்பதால், தவறு நேரும் இடங்களும் அதிகம். சென்னையில் உறவினர், நண்பர், அடுக்ககத்து அக்கம்பக்கத்தார் என்று பலருடைய கார்க் கதவுகளைப் பல ஆண்டுகளாகக் கழற்றி மாட்டி வருகிறேன். ஸ்பீக்கர் சரியில்லை, வேறு வாங்க வேண்டும் என்று முடிவு கட்டி வந்தவர்களில் பெரும்பாலோருடைய ஸ்பீக்கர் நன்றாகவே இருந்தது; பழுது கம்பியிலோ, கதவிலோ, ஒலிக்குறியைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஆம்ப்பின் அமைப்பிலோ இருந்தது. ஆகவே ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத சோதனையை முதலிலும், பணம் செலவாகும் மாற்றத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். அந்த வரிசையைத் தாண்டிப் போக வேண்டாம்.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், 1.5 வோல்ட் பென்சில் பேட்டரி ஒன்று, கதவின் உட்புற உறையான டோர் பேடை நெம்பி எடுக்கும் பிளாஸ்டிக் பட்டைகள், டார்ச், இன்ச் டேப், நீங்கள் நன்கு பழகிய மிருதங்கப் பதிவு ஒன்று. மல்டிமீட்டரும் கம்பிகளும் ரிச்சி தெருவில் கிடைக்கும். டோர் பேட் கிளிப்புகளுக்கும், அதிர்வைத் தணிக்கக் கதவுத் தகட்டில் ஒட்டும் டாம்பிங் ஷீட்டுக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போகலாம்.

தொடங்குவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. முன்கண்ணாடியோரத் தூணின் உறையில் ஏர்பேக் என்ற எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தால், அதை நீங்களாகக் கழற்றாதீர்கள். மடித்து வைக்கப்பட்டிருக்கும் ஏர்பேக்கின் குறுக்கே ட்வீட்டர் கம்பி ஓடினால், விபத்தின்போது அது விரிய வேண்டிய விதத்தில் விரியாமல் போகக்கூடும். அந்த ஒரு வேலையை மட்டும், அந்தக் கார் வகையில் பழகியவரிடம் கொடுத்துவிடுங்கள்.

## அறிகுறி 1: ஒலியே வரவில்லை

### இரு பக்கமும் வரவில்லை

முன், பின் ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பங்கிடும் ஃபேடர் பின்பக்கம் தள்ளப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குழந்தைகள் திரையைத் தொட்டு விளையாடிய கார்களில் இதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அது சரியாக இருந்தால் ஆம்ப்பின் விளக்கைப் பாருங்கள். விளக்கே எரியவில்லை என்றால் பேட்டரிக்கு அருகிலுள்ள ஃபியூஸ், ஆம்ப்பின் மேலுள்ள ஃபியூஸ், டாஷ்போர்டிலுள்ள ஹெட் யூனிட்டிலிருந்து வந்து ஆம்ப்பை இயக்கும் ரிமோட் கம்பி என்ற வரிசையில் சோதியுங்கள். ஹெட் யூனிட் இயங்கும்போது ரிமோட் கம்பிக்கும் பாடி எர்த்துக்கும் இடையே ஏறத்தாழ 12 வோல்ட் காட்ட வேண்டும். விளக்கு சிவப்பாக எரிந்தால் ஆம்ப் தன்னைக் காத்துக்கொள்ள நின்றிருக்கிறது. அதற்கு அறிகுறி 6-க்குப் போங்கள். புதிய ஃபியூஸும் உடனே எரிந்தால் அதைவிடப் பெரிய ஃபியூஸ் போடக் கூடாது. கம்பி எங்கோ உடலில் உரசுகிறது என்பது அதன் பொருள்; தீப்பிடிக்கும் வாய்ப்பு உண்டு என்பதால் அந்த இடத்திலேயே நிறுத்தி ஆட்டோ எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.

### ஒரு பக்கம் மட்டும் வரவில்லை

ஆம்ப்பில் இடது, வலது ஸ்பீக்கர் கம்பிகளை இடம் மாற்றி மாட்டுங்கள். பழுது மறுபக்கத்துக்குத் தாவினால் ஆம்ப்பிலோ அதற்கு முன்னாலோ குறை இருக்கிறது. தாவாமல் அதே கதவில் நின்றால் குறை கம்பியிலோ ஸ்பீக்கரிலோ இருக்கிறது. அப்போது அந்தப் பக்கக் கம்பிகளை ஆம்ப்பிலிருந்து பிரித்து, ஓம் அளவில் மீட்டரை வைத்துப் பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் 3 முதல் 4 ஓம் வரை காட்டும். எதுவும் காட்டவில்லை என்றால் கம்பியோ வூஃபருக்குள் இருக்கும் சுருளோ அறுந்திருக்கிறது. சுழியத்தை ஒட்டிக் காட்டினால் இரு கம்பிகளும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

கம்பி அறுபடும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: கதவுக்கும் கார் உடலுக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாய். கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அங்கே கம்பி மடங்கி நிமிர்கிறது. பாட்டு ஓடும்போது கதவை மெதுவாகத் திறந்து மூடிப் பாருங்கள். ஒலி விட்டுவிட்டு வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம். அந்த இடத்தில் ரப்பர் குழாய்க்குப் பதிலாகப் பல முனைகள் கொண்ட கப்ளர் இருந்தால், அதைத் துளையிட்டுக் கம்பி நுழைக்கும் வேலை உங்களுடையதன்று. கண்ணாடி ஏற்றும் மோட்டாரின் கம்பியும் கதவுப் பூட்டின் கம்பியும் அதே கப்ளரில்தான் செல்கின்றன.

## அறிகுறி 2: ட்வீட்டர் மட்டும் ஒலிக்கவில்லை

கிராஸ்ஓவர் பெட்டியைத் திறந்து திருகுகளை இறுக்கிப் பாருங்கள். மெல்லிய ட்வீட்டர் கம்பி திருகின் அடியிலிருந்து நழுவியிருக்கும். பலமாகப் பாடிய பிறகு நின்று, சில நிமிடங்கள் கழித்துத் தானே திரும்பி வருகிறது என்றால், கிராஸ்ஓவரிலுள்ள பாதுகாப்பு உறுப்பு சூடேறித் துண்டிக்கிறது. ட்வீட்டர் இன்னும் பிழைத்திருக்கிறது என்ற நல்ல செய்தி அது.

இரண்டும் இல்லை என்றால் ட்வீட்டரின் கம்பிகளைப் பிரித்து நேரடியாக ஓம் அளவெடுங்கள். ஆம்ப் பக்கமிருந்து எடுத்த அளவு ட்வீட்டரைப் பற்றி எதுவும் சொல்லாது, ஏனெனில் கிராஸ்ஓவரில் ட்வீட்டருக்கு முன்னால் நிற்கும் கெப்பாசிட்டர் மீட்டரின் மின்னோட்டத்தை அனுமதிப்பதில்லை. நேரடி அளவில் எதுவும் காட்டவில்லை என்றால் சுருள் எரிந்துவிட்டது. அதே நிறுவனத்தின் அதே வகை ட்வீட்டரைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். கிராஸ்ஓவர் அந்த ட்வீட்டருக்காகவே கணக்கிடப்பட்டது என்பதால், கையில் கிடைத்த வேறொன்றைப் பொருத்தினால் ஒலி இசையாது.

ஆனால் எரிந்த காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதியதை மாட்டினால் அதுவும் எரியும். காரணம் இரண்டில் ஒன்றாகவே இருந்து வந்திருக்கிறது. முதலாவது, கெப்பாசிட்டரோ கிராஸ்ஓவரோ இல்லாமல் நேரடியாக இணைத்திருப்பது. பல கார்களில் கம்பெனி ட்வீட்டரின் முதுகிலேயே கெப்பாசிட்டர் ஒட்டியிருக்கும். பழைய ட்வீட்டரைக் கழற்றும்போது அதுவும் போய்விடுகிறது, அந்தக் கம்பியில் புதியதை மாட்டினால் தாழ்ந்த ஒலிகளும் சேர்ந்து உள்ளே வருகின்றன. இரண்டாவது, உள்ளே வரும் ஒலிக்குறிக்கு ஏற்ப ஆம்ப்பின் பெருக்கத்தை அமைக்கும் கெயினை ஒலிக்கூட்டும் திருகு என்று நினைத்து முழுவதும் திருப்பி வைத்திருப்பது.

கெயினை இப்படி அமையுங்கள். ஸ்பீக்கர் கம்பிகளை ஆம்ப்பிலிருந்து பிரித்துவிடுங்கள். ஹெட் யூனிட்டில் ஈக்வலைசரைச் சமநிலையில் வைத்து, ஒலியளவை முக்கால் பங்குக்கு ஏற்றி, 400 ஹெர்ட்ஸ் சைன் ஒலிக்கோப்பை ஓட்டுங்கள். விலை குறைந்த மீட்டர்கள் இதைவிட உயர்ந்த அதிர்வெண்ணில் தவறாக அளக்கக்கூடும். ஸ்பீக்கரின் ஆர்எம்எஸ் வாட்டை, அதாவது அது தொடர்ந்து தாங்கும் மின்திறனை, ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வேண்டிய வோல்ட் கிடைக்கும்: 50 வாட், 4 ஓம் என்றால் 14.1 வோல்ட். ஆம்ப்பின் ஸ்பீக்கர் முனைகளில் ஏசி அளவில் மீட்டரை வைத்து, அந்த எண் வரும்வரை மட்டும் கெயினைத் திருப்பி நிறுத்துங்கள். ஆம்ப்பின் சொந்தத் திறன் ஸ்பீக்கருடையதைவிடக் குறைவாக இருந்தால் ஆம்ப்பின் வாட்டையே கணக்கில் கொள்ளுங்கள். இதைச் செய்து கொடுத்த எந்தக் காரும் ட்வீட்டர் எரிந்து என்னிடம் திரும்பி வந்ததில்லை.

## அறிகுறி 3: பேஸ் மெலிந்திருக்கிறது

என்னிடம் வரும் குறைகளில் பாதிக்கு மேல் இதுவே. புது ஸ்பீக்கர் மாட்டிய அன்றே பழைய கம்பெனி ஸ்பீக்கரில் இருந்த பேஸ்கூட இல்லை என்று மனம் நொந்து வருவார்கள்.

### நடுவில் வைத்தால் குறைகிறது, ஒரு பக்கம் தள்ளினால் கூடுகிறது

மிருதங்கப் பதிவை ஓட்டி, பாலன்ஸை முழுவதும் இடப்பக்கம் தள்ளித் தொப்பியின் ஒலியைக் கேளுங்கள். பிறகு நடுவுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு ஸ்பீக்கர் தனியாகப் பாடியபோது இருந்த கனம், இரண்டும் சேர்ந்து பாடும்போது குறைகிறது என்றால், ஒரு பக்கத்தில் கூட்டல் கழித்தல் முனைகள் மாறியிருக்கின்றன. ஒரு வூஃபர் வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுப்பதால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று விழுங்குகின்றன. வானொலி அறிவிப்பாளரின் குரலும் நேர் முன்னால் நிற்காமல் காருக்குள் பரவிக் கிடக்கும்.

எந்தப் பக்கம் என்று அறிய, கிராஸ்ஓவரிலிருந்து வூஃபர் கம்பிகளைப் பிரித்து, பென்சில் பேட்டரியின் கூட்டல் முனையைக் கூட்டல் கம்பியிலும் கழித்தல் முனையைக் கழித்தல் கம்பியிலும் ஒரு நொடி மட்டும் தொடுங்கள். கூம்பு வெளியே வந்தால் சரி. உள்ளே போனால் அந்தக் கதவில்தான் மாறியிருக்கிறது. இச்சோதனையை ட்வீட்டரில் ஒருபோதும் செய்யாதீர்கள். அதன் சுருள் மிக நுண்ணியது.

என் சித்தப்பா மகன் மடிப்பாக்கத்திலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தபோது, அந்தக் காருக்கு மூன்றாவது ஸ்பீக்கர் தொகுப்பு மாட்டப்பட்டிருந்தது. முதல் இரண்டிலும் பேஸ் இல்லை என்று கடையில் சொல்லியிருக்கிறான். ஒவ்வொரு முறையும் விலை கூடிய ஒன்றை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். இடது கதவின் உள்ளே நீட்டிய கம்பியில் யாரோ நிறம் மாற்றி ஒட்டியிருந்தார்கள். மூன்று தொகுப்புகளும் அதே கம்பியில்தான் மாட்டப்பட்டன. பத்து நிமிட வேலைக்காக ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி போயிருந்தது. இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அன்றைக்குத்தான்.

### எப்படி வைத்தாலும் மெலிவாகவே இருக்கிறது

ஹெட் யூனிட்டிலோ ஆம்ப்பிலோ, குறித்த அதிர்வெண்ணுக்குக் கீழுள்ள ஒலிகளைத் தடுக்கும் ஹை பாஸ் வடிகட்டி 150 அல்லது 200 ஹெர்ட்ஸில் நிற்கிறதா என்று பாருங்கள். ஆறரை அங்குல வூஃபருக்கு 80 ஹெர்ட்ஸ் போதும்; சப்வூஃபர் இல்லாத காரில் 60 வரை இறக்கலாம். கிராஸ்ஓவரில் வூஃபர் கம்பி ட்வீட்டர் முனையில் மாட்டப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இவை சரியாக இருந்தால் குறை கதவில் இருக்கிறது. வூஃபரின் முன்புறத்திலிருந்து வரும் ஒலியும் பின்புறத்திலிருந்து வரும் ஒலியும் கலக்கக் கூடாது. கலந்தால் பேஸ் அழிந்துவிடும். டோர் பேடைக் கழற்றினால் உட்புறத் தகட்டில் கை நுழையும் அளவுக்குத் துளைகள் இருக்கும். பாட்டு ஓடும்போது அட்டையால் அத்துளைகளை மூடிப் பாருங்கள். பேஸ் கூடுவது காதுக்கே தெரியும். நிரந்தரமாக மூடப் பெரிய துளைகளுக்கு மெல்லிய அலுமினியத் தகடும், அதன் மேல் பியூட்டைல் டாம்பிங் ஷீட்டும் ஒட்ட வேண்டும். விலை மலிவு என்று தார் கலந்த ஷீட்டை வாங்காதீர்கள். கத்திரி வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது அது இளகி வழியும், நாற்றமும் போகாது. சில கார்களில் பக்கவாட்டு மோதலை உணரும் அழுத்த உணரி கதவுக்குள் இருப்பதால், கம்பெனி ஒட்டியிருந்த பிளாஸ்டிக் திரையைக் கிழித்தெறியாமல் திரும்ப ஒட்டுங்கள்.

ஸ்பீக்கருக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள ஸ்பேசர் வளையத்தைச் சுற்றி இடைவெளி இருந்தால் பஞ்சுப்பட்டி ஒட்டி அடையுங்கள். வளையம் எம்டிஎஃப் பலகையாக இருந்தால் மாற்றிவிடுங்கள். கதவின் கண்ணாடியோரமாக மழைநீர் உள்ளே இறங்குவது இயல்பு. இரண்டு ஐப்பசி கார்த்திகை மழைக்குள் எம்டிஎஃப் ஊறி உப்பித் திருகுகள் பிடிப்பற்றுப் போகும். பிவிசி அல்லது ஏபிஎஸ் வளையமே இந்த ஊருக்கு ஏற்றது.

## அறிகுறி 4: பேஸ் உண்டு, ஆனால் மொத்த ஒலி போதவில்லை

இது பழுதன்று, தேர்வில் நேர்ந்த பொருத்தமின்மை. ஹெட் யூனிட்டின் முகப்பில் 50 வாட் பெருக்கல் 4 என்று அச்சிட்டிருப்பது உச்ச அளவு. தொடர்ந்து தரக்கூடியது ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 வாட் மட்டுமே. அதோடு இணைப்பதற்கு ஸ்பீக்கரின் வாட்டைப் பார்க்காமல் சென்சிடிவிட்டியை, அதாவது ஒரே மின்திறனில் அது எவ்வளவு ஒலி தருகிறது என்பதைப் பாருங்கள். 87 டெசிபெல் ஸ்பீக்கர் தரும் ஒலியை 90 டெசிபெல் ஸ்பீக்கர் பாதி மின்திறனில் தந்துவிடும். ஆம்ப் வைக்கப் போவதில்லை என்றால் 90-க்குக் குறையாத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். விலை உயர்ந்த, கனமான கூம்புள்ள, சென்சிடிவிட்டி குறைந்த ஸ்பீக்கரை வெறும் ஹெட் யூனிட்டில் மாட்டுவது இரட்டை இழப்பு. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு, பக்கத்துக்கு 50 வாட் ஆர்எம்எஸ் தரும் சிறிய ஆம்ப் ஒன்றே தீர்வு.

## அறிகுறி 5: கரகரப்பு, அதிர்வு

### எந்த ஒலியளவிலும் கரகரக்கிறது

ஹெட் யூனிட்டை அணைத்துவிட்டு, கூம்பின் இரு எதிர்ப்பக்கங்களை விரல்களால் சமமாக, மெதுவாக அழுத்துங்கள். உரசும் ஓசை கேட்டால் சுருள் இடம் பெயர்ந்திருக்கிறது. எரிந்த வாடையும் சேர்ந்து வந்தால் ஐயமே இல்லை. சட்டம் கோணலாகும்படி ஒரே திருகை முழுவதும் இறுக்கியிருந்தாலும் உரசும் என்பதால், திருகுகளைத் தளர்த்தி எதிரெதிராகச் சமமாக இறுக்கிப் பார்த்த பிறகே ஸ்பீக்கரைக் கைவிடுங்கள்.

### பலமாக வைத்தால் மட்டும் அதிர்கிறது

உள்ளங்கையால் டோர் பேடை அங்கங்கே அழுத்திக்கொண்டே கேளுங்கள். அழுத்தும்போது நின்றால் அந்த இடத்துக் கிளிப் உடைந்திருக்கிறது. புதிய கிளிப்பின் விலை மிகச் சொற்பம். கதவுக்குள் பூட்டை இழுக்கும் கம்பி தகட்டில் தட்டினால் பஞ்சு சுற்றுங்கள்.

### கண்ணாடியை இறக்கினால் மட்டும் தட்டுகிறது

ஸ்பீக்கரின் காந்தம் கண்ணாடியை இடிக்கிறது. உடனே கண்ணாடியை ஏற்றிவிட்டு, தடிமனான ஸ்பேசர் வளையம் போடுங்கள். வாங்கும் முன்பே, கண்ணாடியை முழுவதும் இறக்கி, பொருத்தும் ஆழத்தை அளந்து கொண்டு கடைக்குச் செல்வது நல்லது.

## அறிகுறி 6: ஒலி கூட்டினால் ஆம்ப் நின்றுவிடுகிறது

ஆம்ப்பைத் தொட்டுப் பாருங்கள். இருக்கையின் அடியில் கம்பளத்தில் புதைந்து கிடந்தால், சென்னை மதியத்தில் சூடு வெளியேற வழியில்லாமல் தானே நிற்கும். இடம் மாற்றினால் போதும். சூடு இல்லை என்றால் ஸ்பீக்கர் முனைகளில் ஓம் அளவெடுங்கள். ஒரே சேனலில் இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்களை இணைத்திருந்தால் சுமை 2 ஓமாக இறங்கியிருக்கும். உங்கள் ஆம்ப் அதைத் தாங்குமா என்று கையேட்டில் பாருங்கள். ஸ்பீக்கர் கம்பி எதுவும் கார் உடலைத் தொடக் கூடாது, கழித்தல் கம்பியும் அப்படியே. ஹெட் யூனிட்டுகளிலும் இக்கால ஆம்ப்புகள் பலவற்றிலும் ஸ்பீக்கரின் கழித்தல் முனை எர்த் அன்று.

பிறகு எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் இருக்கிறதா என்றும், பாட்டு பலமாக ஓடும்போது ஆம்ப்பின் முனையில் அதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைகிறதா என்றும் பாருங்கள். குறைந்தால் கம்பி மெலிந்தது, அல்லது செம்பு பூசிய அலுமினியம். முழுச் செம்புக் கம்பியாக மாற்றும்போது பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். பேட்டரியிலேயே வோல்ட் போதவில்லை என்றால் ஆல்டர்னேட்டரைப் பார்க்கும் மெக்கானிக்கிடம் போங்கள்.

## அறிகுறி 7: எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ரீங்காரம்

போன் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். கணிசமான கார்களில் அதோடு முடிந்துவிடும். முடியவில்லை என்றால், ஆம்ப்பை அணைத்துவிட்டு, ஹெட் யூனிட்டிலிருந்து அதற்கு ஒலிக்குறியைக் கொண்டுவரும் ஆர்சிஏ கேபிள்களைப் பிடுங்கி, மீண்டும் இயக்கிக் கேளுங்கள். ரீங்காரம் நின்றால் அது ஹெட் யூனிட் பக்கமிருந்தோ கேபிள் வழியாகவோ வருகிறது: ஆர்சிஏ கேபிளைக் காரின் ஒரு பக்கமாகவும் பவர் கம்பியை மறுபக்கமாகவும் ஓட்டுங்கள். நிற்காவிட்டால் ஆம்ப்பின் எர்த் சரியில்லை. பெயின்டைச் சுரண்டி வெற்று இரும்பில், அரை மீட்டருக்குக் குறைந்த கம்பியால், நட்டும் பல் வாஷரும் போட்டு இறுக்குங்கள். பிறகு அந்த இடத்தில் கிரீஸ் தடவுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் நிற்கும் கார்களில், சுரண்டிய இரும்பு கிரீஸ் இல்லாமல் விரைவில் துருப்பிடித்து, அதே ரீங்காரம் திரும்பி வரும். சீட் பெல்ட்டின் போல்ட்டை எர்த்தாகப் பயன்படுத்தவே கூடாது.

## அறிகுறி 8: ட்வீட்டர் காதைக் குத்துகிறது, பாட்டு வலப்பக்கமாகவே ஒலிக்கிறது

பாடகரின் ‘ஸ’, ‘ச’ ஒலிகள் கூசினால் கிராஸ்ஓவரிலுள்ள ட்வீட்டர் அளவுத் தேர்வை 0-இலிருந்து மைனஸ் 3 டெசிபெலுக்கு மாற்றுங்கள். அப்படியும் கூசினால், ட்வீட்டரை நேராக உங்கள் காதை நோக்காமல் இரு முன்னிருக்கைகளுக்கும் நடுவிலுள்ள இடத்தை நோக்கித் திருப்புங்கள்.

நம் கார்களில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்வதால், வலது ஸ்பீக்கரின் ஒலி முந்தி வருகிறது. ஹெட் யூனிட்டில் டைம் அலைன்மென்ட் இருந்தால், காதிலிருந்து இரு பக்க ஸ்பீக்கர்களின் தூரத்தையும் டேப்பால் அளந்து, வேறுபாட்டில் ஒவ்வொரு 34 சென்டிமீட்டருக்கும் 1 மில்லிவினாடி வீதம் வலது பக்கத்தைத் தாமதப்படுத்துங்கள். 51 சென்டிமீட்டர் என்றால் 1.5. செலவே இல்லாத இந்த மாற்றம், குரலை முன்கண்ணாடிக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தும்.

## அறிகுறி 9: மழைக்குப் பிறகு மங்கிவிட்டது

கதவின் அடிவிளிம்பில் உள்ள வடிகால் துளைகளைப் பாருங்கள். டாம்பிங் ஷீட் ஒட்டியவர்கள் அவற்றையும் சேர்த்து மூடியிருந்தால் கதவுக்குள் தண்ணீர் தேங்கும். கதவை ஆட்டினால் சலசலக்கும். துளைகளைத் திறந்து, வூஃபரைக் கழற்றி, நிழலில் இரண்டு நாள் உலர்த்துங்கள். வெயிலில் வைக்க வேண்டாம், ஹேர் டிரையரும் வேண்டாம். கதவின் அடியில் கிராஸ்ஓவர் பெட்டி மாட்டப்பட்டிருந்தால் அதை டாஷ்போர்டின் உட்புறத்துக்கு மாற்றிவிடுங்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் நின்ற கார்களைப் போல, இருக்கை மட்டத்துக்குத் தண்ணீர் ஏறிய காரில் இந்தச் சோதனைகள் எதையும் செய்யாதீர்கள். சாவியைத் திருப்பாமல், பேட்டரியின் கழித்தல் இணைப்பைக் கழற்றிவிட்டு, படம் எடுத்து வைத்து, காப்பீட்டு மதிப்பீட்டாளர் பார்க்கும்வரை ஆம்ப்பையும் ஸ்பீக்கரையும் அவை இருக்கும் இடத்திலேயே விட்டுவிடுங்கள். மின்கார், ஹைபிரிட் கார் என்றால் செம்மஞ்சள் நிறக் கம்பிகள் ஓடும் எந்தப் பகுதியிலும் கை வைக்காமல் சர்வீஸ் மையத்திலிருந்து ஆளை வரச் சொல்லுங்கள்.